நீராவி அக்காவின் வர்க்கமூலம்

அந்த ஆஸ்பத்திரியில் நோயைவிட வேகமாகப் பரவியது பேச்சு. பேச்சைப் பரப்பியது லிஃப்ட். ஐந்து மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒருவர் தும்மினால், லிஃப்ட் ஐந்தாம் மாடியைத் தொடுவதற்குள் அவருக்கு இரங்கல் கூட்டம் எந்த அறையில் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். லிஃப்ட்டை இயக்கியவர் கெட்டவர் இல்லை. கேட்டதைக் கேட்டபடியே சொல்லக்கூடியவர். கேட்பதில்தான் கோளாறு.

அந்த லிஃப்ட்காரருக்கு அண்ணி முறையானவள், கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் இருபத்துநாலு வருடமாக வேலை பார்த்த பெண்மணி. எல்லோரும் அவளை நீராவி என்றார்கள். ஆவி இஸ்திரி இயந்திரத்தில் நிற்பதால் வந்த பெயர். கோபம் வந்தால் அவள் காது வழியாக ஆவி வரும் என்று சிலர் சொல்வார்கள். அது பொய். மூக்கு வழியாகத்தான் வரும், குளிர்காலத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சலவைக்கூட மேற்பார்வையாளர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த இடத்துக்கு வர ஒரு தேர்வு எழுத வேண்டும். கணக்குத் தேர்வு. அதில் ஆறாவது கேள்வி எப்போதும் வர்க்கமூலச் சார்புதான்: சார்பகம் காண்க, வீச்சகம் காண்க, வரைபடம் வரைக. இருபது மதிப்பெண். அழுக்குத் துணிக்கும் வர்க்கமூலத்துக்கும் என்ன உறவு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தேர்வு வைத்திருப்பார்கள்.

நீராவி இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றிருந்தாள். மூன்று முறைக்கு மேல் எழுத விதி இல்லை. இந்த வெள்ளிக்கிழமை எழுதுவதுதான் கடைசி. இதிலும் தோற்றால் பதவி கஞ்சிக்காரருக்குப் போகும். துணிக்குக் கஞ்சி போடும் அந்த மனிதர் ஏற்கெனவே தேறிவிட்டுக் காத்திருந்தார். நல்ல கணக்கு வரும் அவருக்கு. ஆனால் ரத்தக்கறை படிந்த விரிப்பை நேரே வெந்நீரில் போடுவார். ரத்தக்கறையை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும், எந்தச் சோப்பாலும் பிரித்து வைக்க முடியாது. இப்படிப்பட்டவர் சொல்லி, தான் கேட்டு, தினம் நானூறு விரிப்புகளைக் கெடுக்க நீராவி தயாராக இல்லை. அதனால் தேறியே தீருவது என்று இருந்தாள்.

பாடம் அவளுக்குப் புரியாமல் இல்லை. சார்பகம் என்பது சலவை இயந்திரத்துக்குள் எதையெல்லாம் போடலாம் என்ற பட்டியல். வீச்சகம் என்பது மறுபக்கம் எதெல்லாம் வெளியே வரும் என்ற பட்டியல். ஒன்பதைப் போட்டால் மூன்று வரும். நாலைப் போட்டால் இரண்டு வரும். மைனஸ் நாலைப் போட முடியாது. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மைனஸ் நாலு வராது, ஆகவே வெளியே வருவதற்கு அங்கே ஆள் இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தது. பிறகு எங்கே வழுக்குகிறது என்பதுதான் தெரியவில்லை. திருத்திய விடைத்தாளைக் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. 'தேறவில்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் உறையில் போட்டு அனுப்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினாள். கொழுந்தன் பொத்தானை அமுக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன அண்ணி, முகம் இஸ்திரி போடாத மாதிரி இருக்கு?"

"மூலம்தான் தம்பி. உயிரை எடுக்குது."

"என்னது?"

"வர்க்கமூலம். ரெண்டு வருஷமா இதே ரோதனை."

"ரெண்டு வருஷமாவா? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லி என்ன ஆவப்போவுது? உக்காந்தா அதே நெனப்பு, எந்திரிச்சா அதே நெனப்பு. எப்படியும் வெள்ளிக்கிழமை ஒரு முடிவு தெரிஞ்சுடும்."

"வெள்ளிக்கிழமையா? யாரு பண்றாங்க?"

"யாரு பண்ணுவா, நான்தான் பண்ணணும். கதவைத் தெற, மூணாவது மாடி வந்துடுச்சு."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கொழுந்தன் மூடாத கதவுக்கும் மூடாத வாய்க்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். தனக்குத்தானே அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகும் ஒரு மனுஷியைத் தன் குடும்பம் இத்தனை வருடம் சாதாரண ஆளாக நினைத்துவிட்டதே என்ற வருத்தம் அவருக்கு.

பிறகு லிஃப்ட் தன் வேலையைச் செய்தது. முதல் மாடியில் நீராவி அக்காவுக்கு மூலம். இரண்டாம் மாடியில் ரத்தம் போயிற்று. மூன்றாம் மாடியில் அது சாதாரண மூலம் இல்லை, வர்க்கமூலம், ஒரு வர்க்கத்துக்கே பரம்பரையாக வருவது, தாத்தா காலத்திலிருந்து இறங்குகிறது என்று விளக்கம் கிடைத்தது. நான்காம் மாடியில் அவள் வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்துக் கத்தரிக்கோலாலேயே காரியத்தை முடிக்கப் போகிறாள் என்றார்கள். ஐந்தாம் மாடியில் அவளுடைய அலமாரி யாருக்கு என்பதில் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம்.

"அது உங்களுக்கும் வருமா?" என்று ஒரு நர்ஸ் லிஃப்ட்காரரைக் கேட்டாள்.

"எனக்கு எப்படி வரும்? அவங்க வாக்கப்பட்டு வந்தவங்க. நான் வேற வர்க்கம்" என்றார் அவர், கொஞ்சம் நிமிர்ந்து.

மதியத்துக்கு மேல் சலவைக்கூடத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தை ஒன்று வந்தது. மருந்தகத்திலிருந்து ஒரு களிம்பு வந்தது. "தைரியமா இருங்க அக்கா, எங்க பெரியப்பா மூணு தடவை பண்ணிக்கிட்டாரு" என்று தோட்டக்காரர் கையைப் பிடித்துச் சொன்னார். மூன்று தடவை தேர்வு எழுதியிருக்கிறார் போலிருக்கிறது என்று நீராவி எடுத்துக்கொண்டாள். தன்னுடைய பரீட்சைக்கு இத்தனை பேர் இவ்வளவு அக்கறைப்படுகிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மெத்தையில் உட்கார்ந்தே சாயங்காலம் வரை பாடம் படித்தாள். களிம்பை நெற்றியில் தடவிக்கொண்டாள். தலைவலி போனது என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

புதன்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் தேர்வு எழுதுவோர் பட்டியல் ஒட்டியிருந்தது. அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

தலைமை எழுத்தர் அறை முதல் மாடியில். கோப்புகளுக்கு நடுவே ஒரு வழுக்கைத் தலை தெரியும், அதுதான் அவர். விதி என்றால் அவருக்கு உயிர். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட எழுத்து மூலம்தான் தெரிவிப்பார் என்று பேச்சு.

"என் பேரை ஏன் சார் அடிச்சீங்க?"

"உடல்நலக் காரணம்மா."

"என் ஒடம்புக்கு என்ன?"

"அதை என் வாயால சொல்லணுமா?"

"சொல்லுங்க."

எழுத்தர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "மூலம்."

"ஆமா. அதுக்குத்தானே சார் பரீட்சை?"

"அதுக்கு எதுக்கும்மா பரீட்சை? ஆபரேஷன்தானே? இங்க பாருங்க, பரீட்சையில மூணு மணி நேரம் உக்காரணும். உங்களால உக்கார முடியாது. உக்கார முடியாதவங்க பரீட்சைக்கு எப்படி உக்காருவீங்க?"

நீராவிக்கு அப்போதுதான் ரப்பர் மெத்தையின் ஓட்டைக்கு அர்த்தம் புரிந்தது. களிம்பு தடவிய நெற்றியைக் கை தன்னால் தேடியது.

"சார், எனக்கு இருக்கறது வர்க்கமூலம்."

"அது இன்னும் மோசம்னு லிஃப்ட்ல சொன்னாங்க."

"அது கணக்கு சார். ஆறாவது கேள்வி."

"எனக்குக் காகிதம் வேணும்மா. உங்களுக்கு என்ன மூலம்னு நானா முடிவு பண்ண முடியாது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அறுவை டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. பேரைத் திரும்பச் சேக்கறேன். அஞ்சு மணி ஒரு நிமிஷம்னா சேக்க மாட்டேன்."

வெளியே வந்தவள் மாடிப்படியில் இறங்காமல் லிஃப்ட்டுக்கு நின்றாள். கதவு திறந்தது. கொழுந்தன் அவள் மூக்கைப் பார்த்தார், பார்த்ததும் ஓரமாக நகர்ந்தார்.

"நான் என்ன அண்ணி பொய்யா சொன்னேன்? நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்."

"சொன்னே. எல்லா மாடிக்கும் சொன்னே."

"ஒரு சந்தேகம் அண்ணி. கோவப்படாதீங்க. அது தொத்துமா?"

"உனக்குத் தொத்தாது தம்பி. அதுக்கு மூளை இருக்கணும்."

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குத்தான் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க முடிந்தது. உயரமான பெண்மணி. பேச்சில் வீண் சொல் இருக்காது, தையலில் வீண் நூல் இருக்காது. கையுறையை மாட்டிக்கொண்டே கட்டிலைக் காட்டினார்.

"இடது பக்கமாத் திரும்பிப் படுங்க."

"இதுக்கு இடது பக்கமே கிடையாது டாக்டர்."

மருத்துவர் முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"பூஜ்யத்துலேருந்து. வலது பக்கம் போவப்போவ மேல ஏறுது. மொதல்ல சரசரன்னு ஏறுது, அப்புறம் மெள்ளமா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். நாளைக்கு வெள்ளிக்கிழமையோட என்னை விட்டுடும், இல்லேன்னா என்னை முடிச்சுடும்."

மருத்துவர் ஒரு கையுறையைக் கழற்றினார். "அம்மா, நீங்க கணக்கையா சொல்றீங்க?"

"பின்ன எதை டாக்டர் சொல்லுவேன்? ஊரே சேந்து எனக்கு இல்லாத நோயைக் குடுத்து, பரீட்சையிலேருந்து பேரை அடிச்சுடுச்சு. மூலம் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"பாக்காம எழுத மாட்டேன். உங்களுக்கு ஏதோ ஒரு மூலம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஒண்ணு அதைக் காட்டுங்க, இல்ல இதைக் காட்டுங்க. எதைக் காட்டுறீங்களோ அதை எழுதறேன்."

நீராவி கட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கணமும் தடுமாற்றம் இல்லை. "வாங்க, வரைஞ்சு காட்டறேன்" என்றாள்.

"தாள் இந்தாங்க."

"தாள் பத்தாது. எழுத்தரையும் கூப்பிடுங்க, அவர் கண்ணாலயும் பாக்கட்டும்."

சலவைக்கூடத்தின் கதவிலிருந்து கிளம்பும் கீழ்த்தள நடைவழி நீளமானது. அதன் ஒரு பக்கச் சுவர் தரையிலிருந்து கூரை வரை வெள்ளைச் சதுர டைல். இருபத்துநாலு வருடமாக அந்தச் சுவரை உரசிக்கொண்டு வண்டி தள்ளியவளுக்கு அன்றைக்குத்தான் அது கட்டம் போட்ட தாள் என்று தெரிந்தது. கறை இருக்கும் இடத்தைத் துணியில் குறிப்பதற்கு ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருப்பார்கள், தண்ணீர் பட்டால் அழிந்துவிடும். அதைக் காதில் செருகிக்கொண்டு கதவுச் சட்டத்தை ஒட்டிக் கீழே குனிந்தாள். சுவர் தொடங்கும் மூலை, தரை தொடும் இடம். அங்கே ஒரு புள்ளி.

"இதுதான் பூஜ்யம். இடது பக்கம் கதவு. டைலே இல்ல. அங்க இது போவாது. சார்பகம், பூஜ்யமும் அதுக்கு வலது பக்கமும்."

தலைமை எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டார். கொழுந்தன் லிஃப்ட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தார். மேலே ஐந்து மாடியிலும் ஆட்கள் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு டைல் தள்ளி ஒரு டைல் உயரத்தில் புள்ளி. நாலாவது டைலில் இரண்டு உயரம். ஒன்பதில் மூன்று. பதினாறில் நாலு. இருபத்தைந்தில் ஐந்து, அவள் இடுப்புக்குச் சற்று மேலே. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். தொடக்கத்தில் அவசரமாக எழுந்து, பிறகு சாப்பாட்டுக்குப் பின் சாய்கிறவரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது கோடு.

"எது வரைக்கும் போகும் இது?" என்றார் எழுத்தர்.

"அஞ்சு வரைக்கும் சார். அதுதான் வீச்சகம். பூஜ்யத்துலேருந்து அஞ்சு" என்று சொல்லி, அவள் வழக்கம்போலக் கோட்டின் நுனியில் பெரிதாக ஒரு புள்ளி வைக்கக் குனிந்தாள்.

பென்சில் சுவரைத் தொடவில்லை. இருபத்தாறாவது டைல் பக்கத்திலேயே இருந்தது. வெள்ளையாக, சுத்தமாக, என்னை ஏன் விட்டாய் என்று கேட்பதுபோல. அவளுடைய பாடப்புத்தகத்தில் இருபத்தைந்தோடு கட்டம் முடிந்துவிடும். படம் அங்கே முடிந்ததால் கோடும் அங்கே முடிந்தது என்று அவள் எண்ணியிருந்தாள். இரண்டு தேர்விலும் வரைபடத்தாள் எந்த ஓரத்தில் தீர்ந்ததோ அந்த ஓரத்தில் புள்ளி வைத்து, அந்த உயரத்தையே வீச்சகத்தின் எல்லையாக எழுதியிருந்தாள். இருபத்தாறை இயந்திரத்தில் போட்டால் இயந்திரம் வாங்காதா? வாங்கும். அப்படியென்றால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே ஏதோ ஒன்று வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

"அஞ்சுன்னீங்களே?" என்றார் எழுத்தர்.

"சொன்னேன். தப்பு."

அவள் அடுத்த டைல்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பத்தாறில் ஆறு. இங்கே பதினோரு டைல் நடந்தால்தான் ஓர் உயரம் ஏறுகிறது. அதற்கு முன்னால் ஒன்பது நடந்தது. அதற்கு முன்னால் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று.

"ஒவ்வொரு படிக்கும் போன தடவையைவிட ரெண்டு டைல் கூடக் கேக்குது டாக்டர். பேராசைதான். ஆனா குடுத்தா ஏறிடுது. ஏமாத்தல."

"கூரையைத் தொடாதும்மா" என்றார் எழுத்தர். "பாக்கும்போதே தெரியுதே, படுத்துடுச்சு."

"படுக்கல சார். சோம்பல் பட்டுக்கிட்டு ஏறுது. கூரைக்கு எத்தனை டைல் ஒசரம்?"

கொழுந்தன் விரல் நீட்டி எண்ணினார். "பன்னெண்டு அண்ணி."

"பன்னெண்டு பன்னெண்டா நூத்திநாப்பத்திநாலு. இந்தச் சுவர் எத்தனை நீளம், எண்ணிட்டு வா."

அவர் ஓடினார். நடைவழிக் கோடியிலிருந்து குரல் வந்தது. "நூத்திநாப்பத்தெட்டு அண்ணி."

"அப்ப தொடும்" என்றாள் நீராவி.

நாற்பத்தொன்பதில் ஏழு. அதைத் தாண்டிய இடத்தில் எக்ஸ்ரே அறைக் கதவு. கோட்டைக் கதவின் மேலேயே இழுத்துக்கொண்டு போனாள். பாதியில் கதவு திறந்து எக்ஸ்ரேக்காரர் வெளியே வந்து நின்றார். கோடு அவருடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் ஒரு சாண் தூரம் போய்விட்டு மறுபடியும் கதவுக்கு வந்தது. இடைவெளி இல்லாத சார்பு என்பதால் வேறு வழி இருக்கவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறுபத்துநாலில் எட்டு. எண்பத்தொன்றில் ஒன்பது, கையை முழுதாகத் தூக்க வேண்டியிருந்தது. நூறில் பத்து, எட்டவில்லை. நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை.

"ஸ்ட்ரெச்சரைக் கொண்டாங்க" என்றார் மருத்துவர். அவர் குரல் அறுவை அறையில் கேட்கும் குரலாக மாறியிருந்தது.

நோயாளிகளைத் தள்ளும் ஸ்ட்ரெச்சர் வண்டி வந்தது. நீராவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறினாள். கொழுந்தன் தள்ள, மருத்துவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தலைமை எழுத்தர் வேறு வழியில்லாமல் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ள, வண்டி சுவரோரமாக ஊர்ந்தது. பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டிருந்தது. பழப்பையோடு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பாவம், அந்த மூலக்கார அம்மா. நின்னுக்கிட்டே ஆபரேஷனுக்குப் போறாங்க பாரு" என்றாள் ஒருத்தி.

நீராவி அதைக் காதில் வாங்கவில்லை. நூற்றிருபத்தொன்றில் பதினொன்று. இனி இருபத்துமூன்று டைல். வண்டியின் ஒரு சக்கரம் இழுத்துக்கொண்டு கோணிற்று, அவள் ஒரு காலைத் தூக்கிச் சமாளித்துக்கொண்டாள். தேறுகிறவரைக்கும் ஒற்றைக்காலில் நிற்பேன் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாளாம். அதை மெய்யாகவே செய்தாள், ஏறக்குறைய எட்டு டைல் தூரத்துக்கு. நூற்றுநாற்பத்துநாலில் பென்சில் கூரையில் முட்டி நின்றது.

எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். அவர் வாழ்நாளில் எதையும் அண்ணாந்து பார்த்ததில்லை, கழுத்தில் சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லுங்க. வீச்சகம் பன்னெண்டா?" என்றார் மருத்துவர்.

நீராவி வண்டியின் மேலேயே நின்றுகொண்டு யோசித்தாள். அவசரப்படவில்லை. இரண்டு முறை அவசரப்பட்டாயிற்று.

"இல்ல டாக்டர். புத்தகத்துல தாள் தீந்துச்சு, இங்க கூரை வந்துச்சு. நிறுத்தினது கட்டடம் கட்டினவர். கோடு நிக்கல. பதிமூணு வேணுமா, நூத்தறுவத்தொம்பது டைல் குடுங்க. ஆயிரம் வேணுமா, பத்து லட்சம் டைல் குடுங்க. எது கேட்டாலும் ஏறிக் காட்டும். பூஜ்யமும் அதுக்கு மேல எல்லாமும்தான் வீச்சகம்."

சொல்லிவிட்டு, பென்சில் கூரையில் முட்டிய இடத்தில் புள்ளி வைக்காமல், மேல்நோக்கிச் சாய்வாக ஒரு அம்புக்குறி போட்டாள். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் அம்புக்குறி. கொஞ்சம் கோணல்தான்.

எழுத்தர் விடவில்லை. பையிலிருந்து போன வருடக் கேள்வித்தாளை எடுத்தார். "இது ஒரே மாதிரியா வராதும்மா. இதைப் பாருங்க. எக்ஸ் மைனஸ் நாலுக்கு வர்க்கமூலம், கூட ரெண்டு. மைனஸ் நாலுன்னா, உங்க கதவுக்கு அந்தாண்ட நாலு டைல் இடது பக்கம்தானே ஆரம்பிக்கும்?"

"இல்ல சார். இந்த மெஷின் நீங்க போடறதுலேருந்து நாலைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் தொவைக்கும். மூணு போட்டா மைனஸ் ஒண்ணு மிஞ்சும், வாங்காது. நாலு போட்டாத்தான் பூஜ்யம் மிஞ்சும். அதனால நாலு டைல் வலது பக்கம் தள்ளி ஆரம்பம். தொவைச்சு வந்ததோட ரெண்டு சேக்கறதால ரெண்டு டைல் ஒசரத்துலேருந்து. சார்பகம் நாலும் அதுக்கு மேலயும், வீச்சகம் ரெண்டும் அதுக்கு மேலயும். அம்புக்குறி உண்டு."

மருத்துவர் ஸ்ட்ரெச்சரின் மேலேயே தாளை வைத்து எழுதினார். அந்தச் சான்றிதழ் இன்றும் அந்த ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கிறது: 'இவரை நேரில் சோதித்தேன். இவருக்கு இருப்பது வர்க்கமூலம். இடது பக்கம் பாதிப்பு இல்லை. மேல் எல்லை இல்லை. மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் உட்காரத் தகுதியானவர்.' எழுத்தர் இரண்டு முறை படித்தார், முத்திரை எங்கே என்று கேட்டு அதையும் வாங்கினார். மணி நாலு ஐம்பத்தெட்டு. சிவப்பு மையில் அடித்த பெயரைப் பச்சை மையில் மறுபடி எழுதினார். அடித்ததற்கு ஒரு கையெழுத்து, அடித்ததை அடித்ததற்கு ஒரு கையெழுத்து.

வெள்ளிக்கிழமை தேர்வுக்கூடம். பழைய மேசைகள், ஆடும் நாற்காலிகள், ஒரு சுவர்க்கடிகாரம். நீராவி முதல் ஐந்து கேள்விகளை எப்படியோ கடந்து ஆறாவதைப் படித்தாள். படித்ததும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மூன்றிலிருந்து எக்ஸ் கூட்டல் இரண்டின் வர்க்கமூலத்தைக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். வர்க்கமூலத்துக்கு முன்னால் கழித்தல் குறி. இப்படி ஒன்று புத்தகத்தில் இல்லை. சுவரிலும் வரவில்லை.

பக்கத்து மேசைக்காரர் பெருமூச்சு விட்டார். அவள் விடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அழுக்குத் துணி மூட்டையை அவிழ்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இந்த இயந்திரம் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, தன் கையிலிருந்து இரண்டைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே மைனஸ் இரண்டைக்கூடப் போடலாம், பூஜ்யம் ஆகிவிடும். மைனஸ் மூன்றை முடியாது. சார்பகம், மைனஸ் இரண்டும் அதற்கு மேலும். எழுதினாள். வெளியே வருவதை மூன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஒன்றும் வெளியே வராதபோது மூன்று, அதுதான் உச்சம். ஒன்று வந்தால் இரண்டு, இரண்டு வந்தால் ஒன்று, மூன்று வந்தால் பூஜ்யம். கோடு இறங்குகிறது. முதலில் சரசரவென்று, பிறகு மெதுவாக.

கட்டத்தாளில் குறித்தாள். மைனஸ் இரண்டில் மூன்று. மைனஸ் ஒன்றில் இரண்டு. இரண்டில் ஒன்று. ஏழில் பூஜ்யம். பதினாலில் மைனஸ் ஒன்று, அத்தோடு தாள் தீர்ந்தது. கோடு தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்நேரம் அஸ்திவாரத்தைத் தாண்டியிருக்கும், தண்ணீர்க் குழாய்களைத் தாண்டியிருக்கும், தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கும், கோபித்துக்கொண்டு போகிற மாப்பிள்ளை மாதிரி நிற்கவே நிற்காது. வீச்சகம், மூன்றும் அதற்குக் கீழே எல்லாமும்.

மணி அடித்தது. கண்காணிப்பாளர் மேசைக்கு வந்து தாளில் கை வைத்தார்.

"நேரம் முடிஞ்சுதும்மா. விடுங்க."

"முடிஞ்சது நேரம்தான் சார். கோடு முடியல. ஒரு அம்புக்குறி பாக்கி இருக்கு."

"விதி இருக்கும்மா."

"இருக்கட்டும். இழுக்காதீங்க, கிழிஞ்சா நீங்கதான் பொறுப்பு."

அவர் இழுத்த வேகத்திலும் அவள் பிடித்த பிடியிலும் தாள் மேசையின் மேல் அரையடி நகர்ந்தது. அதனால் அந்த அம்புக்குறியின் வால் கொஞ்சம் நீளமாக விழுந்துவிட்டது. ஆனால் தலை கீழ்நோக்கிச் சரியான பக்கம் பார்த்து நின்றது.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. இந்த முறை உள்ளே 'தேறினார்' என்று எழுதியிருந்தது. ஆறாவது கேள்விக்கு இருபதுக்கு இருபது என்று எழுத்தர் விதியை மீறி வாய்விட்டுச் சொன்னார். மற்ற ஐந்து கேள்விகளில் என்ன வாங்கினாள் என்பதைப் பற்றி நீராவி இதுவரை யாரிடமும் பேசியதில்லை.